அட்டவணை அக்காவின் லாகின்

பஸ் கம்பெனியில் அவரை எல்லாரும் ‘சாவி’ என்றுதான் கூப்பிடுவார்கள். கேபிள் இழுக்க வந்தவர். தொட்டுத் தொட்டுப் பழகி, கடைசியில் நெட்வொர்க் முழுக்க அவர் கைக்கு வந்துவிட்டது. மூன்று டிப்போவிலும் ஆளாளுக்கு ஒரு மூலையில் ஒளித்து வைத்திருந்த ஃபைல்களை ஒரே சர்வரில் கொண்டுவந்து சேர்த்தார். ஆளுக்கொரு லாகின் கொடுத்தார். யார் எதைப் பார்க்கலாம், யார் எதில் எழுதலாம் என்று பிரித்தும் வைத்தார்.

“பேரப்பிள்ளை பேரைப் பாஸ்வேர்டா வைக்காதீங்கய்யா, டிப்போவுக்கே தெரியும்” என்று தலையில் அடித்துக்கொள்வார். யார் கேட்டார்கள்?

மல்லுக்கு நின்றது அட்டவணை அக்கா ஒருவர்தான். எந்த டிரைவருக்கு எந்த நாள், எந்த வண்டி என்று போடுகிறவர்.

“என் அட்டவணையை எல்லாரும் பாக்கணுமா? அப்புறம் வர்றவன் போறவன்லாம் நாட்டாமை பண்ணுவான்.”

“பாக்கத்தான்க்கா முடியும். எழுதுறது நீங்க மட்டும்தான்.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இறங்கி வந்தார்.

அப்புறம் அக்காவுக்கு நோய் வந்தது. எல்லா வைத்தியமும் பார்த்தாகிவிட்டது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அட்டவணை போட ஒரு சின்னப் பெண் வந்தாள்.

“சும்மா கிடந்தா பைத்தியம் பிடிச்சிடும் தம்பி. எனக்கும் அதுல கொஞ்சம் வேலை இருக்கட்டும்” என்றார் அக்கா.

சாவியே ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய், கட்டில் பக்கத்தில் வைத்து, சர்வரோடு இணைத்துக் கொடுத்தார். ராத்திரி வண்டி ஓட்டினவருக்கு அந்தப் பெண் விடியற்காலை வண்டி போட்டால், அக்கா படுத்தபடியே மாற்றி வைப்பார். அன்றைக்கு முகமே தெளிவாக இருக்கும் என்பார் அவர் வீட்டுக்காரர்.

மருந்து கூடக் கூட, அக்காவுக்குக் கை தடுமாறியது. ஒரு காலையில் ஒரே வண்டிக்கு இரண்டு டிரைவர் வந்து நின்றார்கள். இன்னொரு வண்டி ஆளில்லாமல் கிடந்தது. பயணிகள் சத்தம் போட்டார்கள்.

“அந்தம்மா லாகினை எடுத்துடு” என்று மேனேஜர் குதித்தார்.

சாவிக்கு மனசு வரவில்லை. எடுக்காமல், பார்க்க மட்டும் விட்டு, எழுத முடியாதபடி மாற்றினார். மயக்கத்தில் இருக்கிறவருக்குத் தெரியவா போகிறது என்று சொல்லாமலே விட்டுவிட்டார்.

மத்தியானமே போன் வந்தது.

“தம்பி, எழுத மாட்டேங்குதே?”

“சர்வர்ல வேலை நடக்குதுக்கா. யாருக்குமே எழுதாது.”

“அந்தப் பொண்ணு இப்பத்தான் ஒரு பேரை மாத்தினா. என் கண்ணு முன்னாடிதான் மாறுச்சு.”

“அது வந்துக்கா…” என்று சாவி இழுத்தார்.

“சரி விடு” என்று அக்கா சிரித்தார். “பாக்கவாச்சும் விட்டியே.”

அந்தச் சிரிப்பு சாவியை உட்கார விடவில்லை. மேனேஜர் திட்டினால் திட்டட்டும் என்று மறுபடி எழுதவும் விட்டுவிட்டு, அக்கா வீட்டுக்கு ஓடினார். அங்கே அவர் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“எடுத்துடச் சொல்லிட்டா தம்பி. இடத்தை அடைக்குதாம்.”

“அக்கா, இப்ப எழுதலாம். சரி பண்ணிட்டேன்.”

அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். திரும்பவில்லை.

“வெயில்ல வந்திருக்கான், தண்ணி குடுங்க” என்று மட்டும் சொன்னார்.

சாவி கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினார். எங்கே இறங்கணும் என்று கண்டக்டர் இரண்டு தரம் கேட்டார். அவர் ஒயரைப் பிரித்துப் பிரித்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்.