ஏழுக்குப் பதில் எட்டு

எனக்கு வாய் அதிகம். ஜெயங்கொண்டம் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட்டுக்கு அளவு எடுத்து முடிப்பதற்குள் ஒருத்தியின் குடும்பக் கதை முழுவதையும் பிடுங்கிவிடுவேன். எவள் மகன் குடிக்கிறான், எவள் மகள் யாரோடு பேசுகிறாள், எல்லாம் என் கடைக்கு வந்துதான் போகும். அப்படிப்பட்டவளுக்கு ஃபோன் போட்டு, "உங்க பையன் வலி மாத்திரைய போதைக்குப் போடுறான்மா" என்று அவன் டீச்சர் சொன்னபோது, எனக்கு முதலில் அழுகை வரவில்லை. "வேற யாருக்காவது தெரியுமா டீச்சர்?" என்றுதான் கேட்டேன்.

அவன் பிளஸ் ஒன். "அடிக்காதீங்கம்மா. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, கவுன்சிலிங் குடுப்பாங்க. இப்பவே போனா சரியாயிடும்" என்றார் டீச்சர்.

அரியலூர்தான் பக்கம். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் என் நாத்தனார் மகள் நர்ஸ். மூத்தவளைப் பெண் பார்க்க அடுத்த மாதம் வருவதாக இருந்தார்கள். விஷயம் வெளியே போனால் அவ்வளவுதான். ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் இவன் அப்பாவிடம்கூட மூச்சு விடாமல், அவனைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். தெரிந்தவர் யாராவது ஏறுகிறார்களா என்று நான் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் பெயர் கேட்டார்கள். வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னேன். ஊர் வாலிகண்டபுரம் என்றேன். என் ஃபோன் நம்பரில் கடைசி எண் ஏழு, அதை எட்டாக்கினேன். என்ன சாமர்த்தியம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன் வேறு! பெயரைக் கூப்பிட்டபோது அவன் எழுந்திருக்கவில்லை. "எந்திரிடா, உன்னத்தான்" என்று இடித்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கவுன்சிலருக்கு என் மூத்தவள் வயதுதான் இருக்கும். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனோடு முக்கால் மணி நேரம் பேசினாள். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் அவனே பரோட்டா கேட்டுச் சாப்பிட்டான். "தூக்கமே வரலன்னு சொன்னேன்மா. அவங்க திட்டவே இல்ல. ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஃபோன் பண்றேன்னாங்க" என்றான். நம்பரை மாற்றிக் கொடுத்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த ஞாயிறு நாலு மணிக்கே என் ஃபோனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். விளக்கு வைக்கும் நேரமும் தாண்டியது. "டவர் இல்லியோ?" என்று தெருவில் போய் நின்றான். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு நானே கூப்பிட்டிருக்கலாம். பெண் பார்க்கிறது முடியட்டும், முடியட்டும் என்று, "அவங்களுக்கு ஆயிரம் வேல இருக்கும்டா" என்றேன், பாவி. அடுத்த ஞாயிறும் காத்திருந்தான். மூன்றாவது ஞாயிறு ஃபோனைக் கேட்கவில்லை. "அவங்களும் சும்மாதான் சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். ராத்திரி கூட்டாளிகள் இருவர் அவனை பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்து விட்டார்கள். என் முகத்தைப் பார்த்து, "யாரு?" என்றான்.

மறுநாள் அவனைப் பெரம்பலூருக்கு வரச் சொன்னேன். "ஃபோனே பண்ணாதவங்ககிட்ட எதுக்கு?" என்றான். அப்போதும் நம்பரை மாற்றியதை மறைத்தேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனேன்.

எங்களைப் பார்த்ததும் கவுன்சிலர் எழுந்தேவிட்டாள். "எங்கப்பா போயிட்ட? மூணு வாரமா கூப்புடுறேன், யாரோ முந்திரி வியாபாரி எடுக்குறாரு. நேத்து, 'ஏம்மா, ஒனக்கு வேற வேலயே இல்லியா'ன்னு கத்திட்டாரு."

அவன் மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

"நான்தாங்க நம்பர மாத்திக் குடுத்தேன். அவன் பேரும் அது இல்லீங்க."

அவள் என்னைத் திட்டவில்லை. ஒரு தாளை எடுத்து, "நீயே சொல்லுப்பா" என்றாள். அவன் தன் பெயரைச் சொன்னான். ஊரைச் சொன்னான். ஃபோன் நம்பரில் ஒன்பது எண்களைச் சொல்லி நிறுத்தினான்.

"கடைசி நம்பர எங்கம்மாவே சொல்லட்டுங்க."

"ஏழு" என்றேன். அவள் அதை எழுதி முடிக்கும்வரை அவன் அந்தத் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.