மலையாண்டி எடுத்த கடைசி ஆட்கள்

மாட்டுத் தரகர் மலையாண்டியைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: "எல்லாரும் வேணாமின்னு ஒதுக்குன ஆளை வச்சே ஜெயிக்கிற மனுசன்." கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அவரிடம் வரிசையாக ஐந்து வருஷம் மண்ணைக் கவ்வியவன் நான். அதனால் உள்ளதை நானே சொல்லிவிடுகிறேன்.

பொன்னமராவதிக்குப் பக்கம் எங்கள் ஊர். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கண்மாய்க்கரைக்குக் கீழே பொட்டலில் சடுகுடு நடக்கும். தெருவுக்குத் தெரு மோதினால் மண்டை உடைகிறதென்று ஊர்க்கூட்டத்தில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். பதினெட்டுப் பேரையும் கலந்து வரிசையில் நிறுத்த வேண்டும். இரண்டு தலைவர்கள் மாற்றி மாற்றி ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். போன வருஷம் தோற்றவருக்கு முதல் ஆள். ஜெயித்தவருக்குக் கடைசியில் மிஞ்சுகிறவன். அவனை வேண்டாமென்று சொல்லக்கூடாது. தலைவர்கள் ஆடுவதில்லை. ஆள் எடுப்பதும் தொண்டை கிழியக் கத்துவதும்தான் எங்கள் வேலை. ஒரு பக்கத்துக்கு ரொம்ப வருஷமாக நான்தான் தலைவர்; எதிர்ப்பக்கத்துக்கு மலையாண்டி வந்து சேர்ந்தது பிற்பாடு.

ஐந்து வருஷமும் முதல் ஆள் எனக்குத்தான். அதாவது, ஐந்து வருஷமும் தோற்றேன் என்பதை மரியாதையாகச் சொல்கிறேன்.

மலையாண்டிக்குத் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிற தொழில். வேண்டிய மாட்டின் பக்கம் திரும்பியே பார்க்கமாட்டார். பக்கத்து மாட்டுக்குப் பல் பார்ப்பார், சுழி பார்ப்பார், வாலைத் தூக்கிப் பார்ப்பார். பொழுது சாய்ந்து சந்தை கலைகிற நேரத்தில் தனக்கு வேண்டியதை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். சடுகுடு வரிசையிலும் அதே வித்தைதான். நான் எப்படியும் எடுக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்தவனை முதலிலேயே எதற்குக் கூப்பிடுவது என்று கடைசிவரை விட்டுவைப்பார்.

இதில் ஊர் மறந்துபோன சங்கதி ஒன்று உண்டு. அந்த ஐந்து கடைசி ஆட்களில் தேறியவர்கள் இரண்டே பேர். ஒருவன் பாதி ஆட்டத்தில் தாகமென்று போனவன் திரும்பவே இல்லை. இன்னொருவன் எங்கள் ஆளைப் பிடிக்காமல் தன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்றாவது மகராசன் தன் கட்சிக்காரன் காலையே வாரிவிட்டான். இவர்களைப் பற்றி யாராவது வாயைத் திறக்கிறார்களா? தேறிய அந்த இரண்டு பேர் புராணம்தான் ஊரெங்கும். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

முப்பத்தெட்டாம் வருஷம் தைமாதம். அந்த வரிசையில் சேவுகன் நின்றான். கிணற்றில் கவலை மாடு ஓட்டித் தண்ணீர் இறைக்கிற ஒல்லிப் பையன், இருபத்திரண்டு வயது. திக்குவாய். ஒரு வார்த்தை வெளியே வருவதற்குள் கேட்கிறவன் வெற்றிலை போட்டு முடித்துவிடலாம். மூச்சுவிடாமல் சடுகுடு பாட வேண்டிய ஆட்டத்துக்கு இவனை யார் எடுப்பார்கள்? அன்றைக்குப் பார்த்து, அவனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஆண்டியப்பன் திருவரங்குளத்திலிருந்து வந்து கரைமேல் நின்றார். ஏற்கெனவே அரைமனசுக்காரர். சேவுகனின் ஆத்தா மருதாயி அவருக்குப் பின்னால் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, என் கவலை எனக்கு.

வண்டிச் சக்கரத்தைத் தனியாளாகக் கழற்றி மாட்டுகிற வயிரவனைக் கூப்பிட்டேன். அவனுக்கு அடுத்த பலசாலி கல் உடைக்கிற பிச்சை. மலையாண்டி அவனைத்தான் கூப்பிடப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"சேவுகா, வாப்பா" என்றார் மலையாண்டி.

பொட்டலே சிரித்தது. சேவுகன் நம்பாமல் பின்னால் திரும்பிப் பார்த்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனுஷனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று பிச்சையையும் சேர்த்து அள்ளிக்கொண்டேன். கரைமேலிருந்து ஆண்டியப்பன் பக்கத்து ஆளிடம் சொன்னது எனக்கே கேட்டது: "மலையாண்டியே மொத ஆளாக் கூப்புடுறாருன்னா சும்மாவா?"

அந்தப் பையன் பாட ஆரம்பித்தபோதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் இறைக்கும்போது பாடுகிற கவலைப் பாட்டில் பழகிய மூச்சு. ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. ஒரே மூச்சில் என் ஆட்கள் மூன்று பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினான். ஆனாலும் வயிரவனும் பிச்சையும் ஒரே பக்கம் இருந்தால் எதிரே யார் என்ன செய்ய முடியும்? ஆறாவது வருஷம் நான் ஜெயித்தேன். ஆண்டியப்பன் அங்கேயே மருதாயியிடம் நிச்சயத்துக்கு வெற்றிலை மாற்ற நாள் கேட்டார்.

மறுநாள் காலை கண்மாயில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த மலையாண்டியிடம் போனேன். ஜெயித்தவன் போய்க் கொஞ்சம் சீண்ட வேண்டாமா?

"ஏம்ப்பா, சேவுகனை நான் தொடவே மாட்டேன்னு ஒனக்குத் தெரியாதா? பிச்சையக் கூப்பிட்டுட்டு அவனைக் கடைசியில எடுத்திருந்தா இந்த வருசமும் ஒனக்குத்தானே?"

"தெரியும்ணே. கடைசிவரைக்கும் நில்லுன்னு நாந்தான் அவன்கிட்ட சொல்லி வச்சிருந்தேன். பொண்ணு வீட்டுக்காரரு வாராருன்னு நேத்துக் காலையிலதான் தெரிஞ்சுச்சு."

"வந்தா வந்துட்டுப் போறாரு. விளையாட்டுத்தானேப்பா."

அவர் மாட்டின் முதுகை வைக்கோலால் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்குப் பொண்ணு குடுக்குறதா இருந்தவரும் அந்தக் கரையிலதாண்ணே நிண்டாரு. நான் பதினெட்டாவது ஆளா நிண்டேன். ஆட்டத்தக்கூடப் பாக்கல, வண்டியக் கட்டிட்டாரு."

மலையாண்டிக்கு நாற்பது தாண்டிவிட்டது. தனிக்கட்டை. மாட்டுக்குச் சுழி பார்த்தே வயசைத் தொலைத்தவன் என்று சந்தையில் அவரைக் கேலி பேசாதவர்கள் கிடையாது. அதிகம் பேசியது நான்தான்.

"அது எந்த வருசமப்பா?"

"நீங்க மொதமொதல்ல தலைவரா நிண்டீகளே, அந்த வருசம்ணே." வருத்தமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த மாட்டைத் தண்ணீருக்குள் இறக்கினார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வருஷம் நான் கூப்பிட்ட முதல் ஆள் யாரென்று இன்றைக்குக் கேட்டாலும் பேர் சொல்வேன். கடைசியில் யார் நின்றது என்று கண்மாயிலிருந்து வீடு போய்ச் சேரும்வரை யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒரு முகமே எனக்கு நினைவுக்கு வரவில்லை.