அசைவில்லை என்று நான் குறித்த சரிவு

தருமபுரியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. பனியை நேரில் கண்டிராத ஒன்பது பேர், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இமயமலையின் பாறைப் பனியாறுகளை வரைந்துகொண்டிருந்தோம். கற்குவியலுக்குள் உறைந்திருக்கும் பனிக்கட்டி அக்குவியலையே மெல்லக் கீழ்நோக்கி ஊரச்செய்யும். பார்ப்பவருக்கு அது வெறும் கற்காடு.

பன்னிரண்டு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு ராடார் படங்களை ஒப்பிட்டால், நகர்ந்த இடத்தில் வண்ண வளையங்கள் தெரியும். அதன்படி எல்லை வரைந்த ஒவ்வொரு துண்டுக்கும், அதாவது பாலிகனுக்கும், ஒரு குறியீடு இடுவோம்: ‘அசைகிறது’, ‘அசைவில்லை’, ‘தெரியவில்லை’. மூன்றாவதை இட்டால் அந்தப் படத்தொகுப்பு முழுவதும் மறுபடி செய்யச் சொல்லித் திரும்பி வரும். ஆகவே அதை யாரும் இடுவதில்லை. முதல் நாளே எங்கள் மேற்பார்வையாளர் சண்முகம் சார் எனக்குக் கற்பித்தது அதுதான்.

1. டெலிவரி

சாலை அமைக்கும் நிறுவனத்தார், தங்கள் பணியாளர்களுக்கு முகாம் அமைக்க ஒரு பள்ளத்தாக்கின் வரைபடம் கேட்டிருந்தார்கள். அதில் ஒரு சரிவில் வளையமே இல்லை. ‘அசைவில்லை’ என்று குறித்தேன். சரிபார்க்கும் பொறுப்பில் இருந்த யாஸ்மின் என் திரையைப் பார்த்தார்.

“ஏங்க, அசையாத இடம் ஒரே கலரா வழவழன்னு இருக்கணும்ங்க. இது மிக்சியில போட்டு அடிச்சாப்புல இருக்குது.”

சண்முகம் சார் கடிகாரத்தைப் பார்த்தார். “பன்னண்டு மணிக்கு டெலிவரிம்மா. கண்ணு வலிச்சா போயி டீ குடிச்சிட்டு வாங்க.”

“டீ குடிச்சா கல்லு நின்னுருமா சார்?” என்றார் யாஸ்மின்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், குறியீட்டை மாற்றாமல் அனுப்பினேன்.

2. சாட்சி

மழைக்காலத்தில் அந்தச் சரிவின் முகப்பு இடிந்து முகாமின் மேல் விழுந்தது. இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். எங்களுக்கு வந்த அறிக்கையில் அவர்களுடைய பெயர்கள் இல்லை. எங்கள் வரைபடம் மட்டும் இணைக்கப்பட்டிருந்தது: ‘முன்கூட்டி அறிய வழியில்லை’ என்பதற்குச் சான்றாக.

ஆறு நாள் இடைவெளியில் எடுத்த பழைய படங்களைத் தேடி ஒப்பிட்டேன். வளையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு தெரிந்தன. பன்னிரண்டு நாளில் ராடாரால் தொடர முடியாத அளவுக்கு அந்தச் சரிவு வேகமாக நகர்ந்திருக்கிறது. அந்தக் கலங்கலைத்தான் நான் அசைவின்மை என்று எழுதியிருந்தேன்.

படத்தைச் சண்முகம் சாரிடம் காட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னார்:

“யாரும் நம்மளக் கேக்கலியேம்மா. நீயாப் போயித் தலையக் குடுக்கிற. ஒம்பது வூட்டுல இதாலதான் அடுப்பெரியுது.”

“அங்க ரெண்டு வூட்டுல அணைஞ்சிருச்சுங்களே சார்” என்றார் யாஸ்மின்.

சண்முகம் சார் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். பிறகு ஆறு நாள் ஒப்பீட்டுப் படத்தையும், தவறு என்னுடையது என்ற கடிதத்தையும் என் கையொப்பத்துடன் வரைபடம் கேட்டவர்களுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. எங்கள் அலுவலகத்தின் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை; எல்லோருக்கும் வேலை போனது. எச்சரித்த யாஸ்மின் இப்போது பாலக்கோட்டில் ஒரு துணிக்கடையில் நிற்கிறார். அந்த இழப்புக்கும் நானே பொறுப்பு.

இத்தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். தெரியாததைத் தெரியவில்லை என்றே குறியுங்கள். ஃபைல் திரும்பி வரட்டும். அந்தச் சொல்லை நம்பி யாரும் கூடாரம் அடிக்க மாட்டார்கள்.