பூண்டுத் தண்டுத் துவரன்

எங்கள் ஊர் குன்னத்துகால் சூட்டில் பூண்டு நட்டால் இலை வரும், அவ்வளவுதான். கிழங்கு பருக்காது, பூந்தண்டு எட்டிப் பார்க்காது. ஆனால் தொண்ணூறுகளில், நாங்கள் முதல்முதலாக ஃபிரிட்ஜ் வாங்கிய வருஷம், அதன் அடித்தட்டில் மறந்துபோன மலைப்பூண்டு இரண்டு மாதம் குளிரில் கிடந்து முளைவிட்டிருந்தது. எறிய மனம் வராமல் கிணற்றடியில் பெயின்ட் டப்பாக்களில் ஊன்றினேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலத்தில் எட்டுத் தண்டுகள் நுனியில் மொட்டோடு வளைந்து நின்றன. பார்த்தவர்களெல்லாம், "இது நம்ம மண்ணுல வராதே, நீ எந்த ஊருத் தண்ணி ஊத்துன?" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரம் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். முடிந்ததும் எல்லாருக்கும் கஞ்சி. என் கணவரின் தங்கைக்கு ஈஸ்டர் கழிந்து கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மாவும் வந்திருந்தார். நாத்தனார் கையால் ஒரு பொரியல் இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

"கிணத்தடியில மொட்டு நிக்கிற தண்டெல்லாம் முறிச்சு, தேங்கா போட்டு துவரன் வையி மக்கா," என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பாய் விரிக்கப் போனேன்.

கடைசி ஜெபத்தின்போது தண்ணீர் கோரக் கிணற்றடிக்கு வந்தேன். எட்டுப் பூண்டுத் தண்டும் அப்படியே நின்றன. பக்கத்து டப்பாவில், முந்தாநாள் மழைக்கு மொட்டு விட்டிருந்த மழை லில்லிதான் மொட்டையாக இருந்தது. அதன் கிழங்கைத் தின்ற அடுத்த வீட்டு ஆடு நுரை தள்ளியதைக் கண்ணால் கண்டவள் நான்.

உள்ளே "ஆமென்" கேட்டது. பிறகு தட்டுகளின் சத்தம். போய்ச் சொன்னால் சம்பந்தக்காரி முன்னால் பெண் தலைகுனிய வேண்டும். சொல்லாவிட்டால்? ஓடினேன். அந்த அம்மா துவரனை வாயில் வைத்துவிட்டார்.

"மாமி, முழுங்காதீங்க! துப்புங்க! ஆரும் துவரன தொடாதீங்க!"

தட்டுகள் கீழே இறங்கின. "எனக்க தப்பாக்கும். தண்டுன்னு மட்டும் சொன்னேன், எந்தத் தண்டுன்னு சொல்லல்ல," என்றேன்.

அடுக்களை வாசலில் வெளுத்த முகத்தோடு நாத்தனார் வந்து நின்றாள். "முறிச்சது நானாக்கும் மைனி."

"ஒரு வாய் உள்ள போயாச்சே பிள்ளே," என்றார் மாமி.

என் கணவர் ஜீப் பிடிக்க ஓடினார். அது வருவதற்குள் மாமி இரண்டு தடவை வாந்தி எடுத்தார். அவருடைய நெற்றியை அவள்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கொண்டுபோனோம். டாக்டர் சோதித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பினார்.

திரும்பி வந்ததும் மாமி நேராகக் கிணற்றடிக்குப் போனார். கல்யாணப் பேச்சு இதோடு முடிந்தது என்றே நான் நினைத்தேன்.

"எனக்க முற்றத்துலயும் இந்தப் பூ நிறைய உண்டு," என்றார் அவளிடம், லில்லி டப்பாவைக் காட்டி. "நீ அங்க வந்து அடுக்களையில கேறதுக்கு முன்ன எது பூண்டுன்னு தெரியணும். இப்பம் காட்டு பாப்போம்."

அவள் ஒரு தண்டை முறித்து, நசுக்கி, தான் மணந்து பார்த்துவிட்டு மாமியின் மூக்கருகே நீட்டினாள். மாமி தலையாட்டினார். மீதி ஏழு தண்டையும் அப்படியே ஒவ்வொன்றாக மணந்துதான் முறித்தாள்.

துவரன் மறுபடியும் அடுப்பேறியது. மாமி கஞ்சித் தண்ணீர் மட்டும் குடித்தார்.