வெள்ளியில் மூக்கு நேர்ந்துகொண்டவள்

மாரியம்மனை நம்பும் சொந்தங்களே, என் முகத்தைப் பார்த்து யாரும் இரக்கப்பட வேண்டாம். இந்த மூக்கு நானாகத் தேடிக்கொண்டது.

நிக்கோபாரில், கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். சுனாமியில் எங்கள் லைன் வீடு போனது. மேட்டுக்கு ஓடி உயிர் தப்பினோம். உயிரோடு விட்ட அம்மனுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள், மூக்கு சப்பையாக இருக்கிறதே என்று அவளிடமே குறைபட்டவள் நான். அண்ணன் குடும்பத்தோடு போர்ட் பிளேர் டாலிகஞ்சுக்கு வந்து நர்ஸ் வேலையில் சேர்ந்த பிறகும் அந்தக் குறை தீரவில்லை. இரண்டு வரன் தட்டிப்போனதும், சென்னைக்குப் போய் ஆபரேஷன் செய்து மூக்கை எடுப்பாக்கிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

சுனாமி நடந்து ஏழாவது வருடம், வைகாசி மாதம். கப்பல் டிக்கெட்டும் ஆபரேஷன் தேதியும் கிடைத்துவிட்டன. அந்த வாரம் பார்த்து எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற எல்லாருக்கும் மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டுப் பரிசோதித்தார்கள். என் மூக்கில் வழக்கமான மருந்துக்கு அடங்காத கிருமி இருந்தது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை, சும்மா குடியிருந்தது. எங்கள் தலைமை நர்ஸ் தெலுங்குக்காரர். களிம்பைக் கையில் கொடுத்து, எங்கள் தீவு வழக்கப்படி இந்தி கலந்த தமிழில் சொன்னார்:

"பஹலே இதப் போடு. மறுபடி டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட் சாஃப் வரணும். அதுவரைக்கும் ஆபரேஷன் கீபரேஷன் எதுவும் கூடாது, சம்ஜா?"

தலையாட்டினேன். ஆனால் தீவுக்காரர்களுக்குத் தெரியும், கையில் கிடைத்த கப்பல் டிக்கெட்டை விட மனசு வராது. களிம்பைப் பாதியில் விட்டுவிட்டு, மறு பரிசோதனைக்கும் நிற்காமல் அண்ணியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கப்பல் ஏறினேன். சென்னை டாக்டர், "ஆஸ்பத்திரியில வேலை செய்றீங்களா? கிருமி ஏதாவது இருக்குன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டார். டியூஷன் டீச்சர் என்றேன். எதற்காகக் கேட்கிறார் என்று தெரிந்தேதான் பொய் சொன்னேன்.

காதிலிருந்து குருத்தெலும்பு எடுத்து வைத்து மூக்கை உயர்த்தினார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் கண்டது. மூக்கு வீங்கிச் சீழ் வடிந்தது. மறுபடியும் சேர்த்தார்கள். மருந்து ஏறிக்கொண்டே இருந்தது, காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டர் குழம்பினார், அண்ணி அழுதார். காரணம் தெரிந்த ஒரே ஆள் நான். சொன்னால் வேலை போகும், மானம் போகும். கண்ணை மூடிக்கொண்டு, "தாயே, யாருக்கும் தெரியாமல் குணமாக்கு. வெள்ளியில் மூக்கு செய்து உன் உண்டியலில் போடுகிறேன்" என்று நேர்ந்துகொண்டேன். பெற்றவளிடமே பேரம்.

பக்கத்துக் கட்டிலில் விழுப்புரம் பக்கத்துப் பெண், பெயர் காவேரி. அவளுடைய இரண்டு வயது மகள் தமிழரசிக்கு உதட்டுப் பிளவு. மறுநாள் காலை ஆபரேஷன். பிள்ளை என் கட்டிலில் ஏறி விளையாடும். அன்று மதியம் என் மூக்குக் கட்டைத் தொட்டுவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டது. பதறிப்போய்ச் சோப்புப் போட்டுக் கையையும் வாயையும் கழுவிவிட்டேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. இதை எழுத இப்போதும் கூசுகிறது.

சாயங்காலம் காவேரி கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். மகளுக்குக் குங்குமம் வைத்தவள் என் நெற்றியிலும் வைத்தாள்.

"ஒனக்கும் சேத்து வேண்டிக்கினேன்க்கா. ஒன் நோவு இன்னான்னு டாக்டருக்கே புரியலியாமே, ஆத்தா, அவருக்குக் காட்டிக் குடுத்துருன்னு சொல்லிட்டு வந்தேன்."

அதற்குமேல் என்னால் படுத்திருக்க முடியவில்லை. அவளிடமே முதலில் சொன்னேன். பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, "தெரிஞ்சே ஏங் கொயந்தையத் தொட வுட்டியேக்கா" என்றாள். பிறகு என்னோடு பேசவே இல்லை. டாக்டரிடம் போனேன். "நர்ஸா இருந்துக்கிட்டா இப்படிப் பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டார். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உடனே மருந்தை மாற்றினார்கள். என்னைத் தனி அறைக்குக் கொண்டுபோனார்கள். தமிழரசியின் ஆபரேஷனைத் தள்ளிவைத்து, அவளையும் பரிசோதித்தார்கள். ரிப்போர்ட் வர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் எனக்காக எதுவும் கேட்கவில்லை. "என் மூக்கு அழுகினாலும் போகட்டும், அந்தப் பிள்ளையை விட்டுவிடு தாயே" என்று அழுதுகொண்டே கிடந்தேன். பிள்ளையிடம் கிருமி இல்லை. அடுத்த வாரம் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று அண்ணி வந்து சொன்னார்.

என் காய்ச்சலும் விட்டது. வைத்த குருத்தெலும்பை எடுக்க வேண்டியதாயிற்று. மூக்கு முன்பைவிட அமுங்கிப்போனது. அதற்காக ஒரு நாளும் நான் அழுததில்லை.

திரும்பி வந்து தலைமை நர்ஸிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கிருமி போய்விட்டது என்று ரிப்போர்ட் வரும்வரை வார்டில் கால் வைக்கவில்லை. ஆபரேஷனுக்கு மெயின்லேண்டு போகிறவர்களைப் பார்த்தால், கப்பலை விட்டாலும் விடுங்கள், டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள் என்று கெஞ்சுகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் தமிழரசி பெயருக்கு அர்ச்சனை செய்கிறேன். அதனால் என் குற்றம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கவில்லை.

அம்மனை நம்புங்கள். என்னைப் போல அவளை உங்கள் பொய்க்குக் காவல் வைக்காதீர்கள். அன்று ஒரே அறையிலிருந்து அவளிடம் இரண்டு வேண்டுதல்கள் போயின. யாருக்கும் தெரியக் கூடாது என்றேன் நான். காட்டிக் கொடு என்றாள் காவேரி. காவேரி சொன்னதைத்தான் அம்மன் கேட்டாள். நான் கேட்டதைக் கொடுக்காமல் விட்டாளே, அதற்குத்தான் இன்றுவரை அவள் காலில் விழுந்து நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.