கோயில் மெழுகு

என் கணவர் தன் துப்பாக்கிக்கான ஈயக் குண்டுகளைச் செயின்ட்-மிஷேல் பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக் கராஜில் தானே வார்ப்பவர். குழலுக்குள் ஈயம் ஒட்டாமல் வழுக்கிப் போக அவற்றுக்கு மெழுகு பூசவேண்டும். அதற்காக ஞாயிறு பூசை முடிய, கத்தோலிக்கக் கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளைக் கேட்டு வாங்கிவருவேன்.

அந்தக் கோடை முழுவதும் குண்டுகள் குறியை விட்டுச் சிதறின. குழலில் ஈயம் அப்பியது. ஈயக் கலவையை மாற்றிப் பார்த்தார், வெடிமருந்தையும் மாற்றினார்.

"உங்கட கண்ணிலதான் பிழை. கண்ணாடியை மாத்துங்கோ," என்று நக்கலடித்தேன். அவர் தொடர்ந்து குழலைத் தேய்த்தார்.

ஒருநாள் அவர் சுடப் பழகும் இடத்துக்கு நானும் போனேன். பக்கத்து மேசையில் சுட்டுக்கொண்டிருந்த கிழவர் குழலுக்குள் பார்த்துவிட்டு என்னிடம் பிரெஞ்சில் சொன்னார்: "முனைப்பக்கம்தான் ஈயம் ஒட்டியிருக்கிறது. இந்த மெழுகுதிரி மெழுகு பாதி வழியிலேயே தீர்ந்துபோகிறது. தேன்மெழுகு பூசும்படி உங்கள் கணவரிடம் போன மாதமே சொன்னேனே."

நான் கணவரைப் பார்த்தேன்.

"நீர் ஒவ்வொரு ஞாயிறும் நிண்டு சேர்த்துக்கொண்டு வாறனீர்," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "அது சரியில்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

தேன்மெழுகை நானே வாங்கிக் கொடுத்தேன். இப்போது குண்டுகள் நெருக்கமாக விழுகின்றன. குண்டு துளைத்த அந்தக் குறித்தாள்களை அவர் கராஜ் சுவரில் ஒட்டுகிறார். குறி தப்பிய பழைய தாள்கள் என் அலுமாரியில் இருக்கின்றன.