கேட்காமல் போன விசில்

பிள்ளைகள், உங்கள் கரப்பந்துப் போட்டியைப் பார்க்க வந்த நான் பாதியில் எழும்பி வெளிப் படிக்கட்டில் போய் நின்றுவிட்டேன் என்று இரண்டு பேருக்கும் கோபம். "அப்பாவுக்கு வயசு போட்டுது, சத்தம் ஒத்துவராது" என்று அம்மாவிடம் சொன்னீர்களாம். சத்தம் ஒத்துவராதுதான். ஆனால் அது வயதோடு வந்ததில்லை. எண்பதுகளில், இங்கே சுவிசில் துன் நகரத்து ஹோட்டல் ஒன்றின் குசினியில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்த இளந்தாரிக் காலத்திலேயே வந்தது. ஒரே பின்னேரத்தில் வந்தது. அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எழுதினால் முகம் பார்க்கத் தேவையில்லை என்று எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

அந்தக் காலத்தில் எனக்கு ஓர் அண்ணை இருந்தார். சொந்த அண்ணன் அல்ல, ஊர்க்காரர். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் தன் கட்டிலை எனக்கு விட்டுவிட்டுத் தான் நிலத்தில் படுத்தவர். குசினி வேலையும் அவர் முதலாளியோடு கதைத்து எடுத்துத் தந்ததுதான். பிறகு அவர் எங்கடின் என்கிற மலைப் பக்கம் ஒரு ஹோட்டலுக்கு மாறிப் போனார். ஊரில் அவரை எல்லோருக்கும் தெரியும். கரப்பந்தில் நெற்றடிக்காரர்.

நெற்றடிக்காரர் என்றால் உங்களுக்கு விளங்காது. நாங்கள் ஊரில் ஆடியதற்கு 'ஓவர் கேம்' என்று பெயர். அதில் அவனவனுக்கு ஓர் இடம். வலைக்கு முன்னால் நின்று எழும்பி அடிக்கிற நெற்றடிக்காரன் ஆட்டம் முடியும்வரை வலைக்கு முன்னால்தான். பின்னுக்கு நிற்பவன் பின்னுக்குத்தான். அண்ணை வலையடியில் எழும்பினால் கரையில் நிற்கிற சனம் மூச்சை அடக்கும். பந்து மண்ணில் விழுகிற சத்தம் தனியாகக் கேட்கும். அதற்குப் பிறகுதான் கூக்குரல்.

இங்கேயும் கோடையில் ஏரிக்கரைப் புல்லில் அப்படித்தான் ஆடினோம். பிறகு எங்கள் பொடியள் சிலர் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்தைக் கேட்டெடுத்தார்கள். ஊர் ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு சுற்றுப்போட்டி. ஒரு சுவிஸ் அணியும் வருகிறது, ஆகவே ஆட்டமும் அவர்களுடைய சட்டப்படி. ஆறு பேரும் முறைமாறிச் சுற்றி நிற்க வேண்டும். பின்வரிசைக்கு வந்தவன் முன்னுக்கு ஓடி வலையடியில் எழும்பி அடிக்கக் கூடாது, அடித்தால் ஃபவுல்.

கார்த்திகை மாதம், கோடைச் சனம் போய் பனிச்சறுக்குச் சனம் வருவதற்கிடையில் எங்கடின் ஹோட்டல்கள் பூட்டியிருக்கும். அண்ணை விடியவே ரயில் ஏறி, மாறி மாறி வந்து சேர்ந்தார். ஊரில் அவருடைய ஆட்டத்தைப் பார்த்த மூத்தவர்கள் சிலரும் கரையில் வந்து குந்திவிட்டார்கள். என்னை மத்தியஸ்தராகப் போட்டார்கள். எனக்குத் தோள்மூட்டு நோ, ஆட ஏலாது. எவனோடும் கோபமும் இல்லை. வேறு தகுதி ஒன்றுமில்லை.

முதல் வெட்கம் வாசலிலேயே தொடங்கியது. மண்டபத்துக்குள் வெளிச் சப்பாத்தோடு வரக் கூடாது என்று மண்டபத்தைப் பார்க்கிற சுவிஸ்காரர் சொல்லியிருந்தார். உள்ளே போட வேறு சப்பாத்துக் கொண்டுவர வேண்டும் என்பது அதன் அர்த்தம். எங்கள் சனத்துக்கு அது கோயில் வாசல்மாதிரி விளங்கியது. வந்தவர்கள் அத்தனை பேரும் படிக்கட்டில் சப்பாத்தைக் கழற்றிக் குவித்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார்கள். ஆடுகிறவர்களும் வெறுங்கால்தான். சுவிஸ் அணிக்காரர் கதவடியில் நின்று அந்தக் குவியலைப் பார்த்தார்கள். பிறகு எங்கள் கால்களைப் பார்த்தார்கள்.

உள்ளே நான்கு மூலையிலும் பெட்டி பெட்டியாக ஒலிபெருக்கி. ஒரு புள்ளி விழுந்தால் பாட்டு, புள்ளி விழாவிட்டாலும் பாட்டு. மைக்கில் ஒரு பொடியன் கத்திக்கொண்டே இருந்தான். கூரை தகரமோ என்னவோ, சத்தம் மேலே போய்த் திரும்பி எங்கள் தலையில் விழுந்தது.

"உதென்ன வொலிபோலோ, கலியாண வீடோ?" என்று மூத்தவர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"கலியாண வீடெண்டால் சாப்பாடாவது தருவாங்கள்," என்றார் பக்கத்தில் இருந்தவர். "அங்கை பார், சுத்திச் சுத்தி வாறாங்கள். கோயில் வீதியெண்டு நினைச்சிட்டாங்கள்."

"நெற்றடிக்காரனைப் பின்னாலை விடுறது சமையல்காரனைக் கோப்பை கழுவ விடுறமாதிரி."

கோட்டுக்குள் நின்ற அண்ணை அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிச் சிரித்தார். "நான் ரெண்டும் செய்யிறனான்தானே!"

மைக் பிடித்த பொடியன் விடவில்லை. "அப்பு, சட்டம் மாறிப்போச்சு! பழசுகள் கரையிலை!" என்று மைக்கிலேயே சொன்னான். மண்டபம் சிரித்தது. அண்ணையும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் பிந்தி.

அவர் நன்றாகத்தான் ஆடினார். பின்வரிசைக்கு வரும்போதெல்லாம் கையை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல நின்றார். இருந்தும் சுவிஸ் அணியோடு நடந்த கடைசி ஆட்டத்தில் இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி என்ற இடத்துக்கு எங்கள் ஆட்கள் வந்துவிட்டார்கள். சேவிஸ் எங்களுடையது. அண்ணை பின்வரிசையில்.

பந்து போய்த் திரும்பி வந்தது. எங்கள் பொடியன் ஒருவன் அதை வலைக்குமேல் உயர்த்திப் போட்டான். அண்ணை பின்னால் இருந்து ஓடி வந்தார். அவர் எழும்பும் முன்னே எனக்குத் தெரிந்துவிட்டது. 'வேண்டாம் அண்ணை' என்று வாய்க்குள் சொன்னேன். வலையடியில் எழும்பினார். பத்து வருசத்துக்கு முதல் எழும்பின அதே எழும்பல். அடி விழுந்தது. பந்து சுவிஸ்காரர் பக்கத்துப் பலகைத் தரையில் பட்டுத் தெறித்துப் போனது.

நான் விசிலை ஊதினேன். கன்னம் நோக ஊதினேன். அதே நொடியில் பாட்டைப் போட்டார்கள்.

சுவிஸ் அணியினர் நின்றுவிட்டார்கள். அவர்கள் மத்தியஸ்தர் காட்டுகிற கையைப் பார்த்து ஆடிப் பழகியவர்கள். எங்கள் பொடியளும் சிலர் நின்றுவிட்டார்கள். அண்ணைக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கோட்டுக்குள் வட்டமாக ஓடினார். ஊரில் வென்றால் சனம் உள்ளே பாய்ந்து அடித்தவனைத் தூக்கும் வழக்கம். மூத்தவர்கள் வெறுங்காலோடு பாய்ந்து போய் அவரைத் தூக்கினார்கள். ஒருவர் தன் சால்வையை அவர் கழுத்தில் போட்டார். சுவிஸ்காரர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்து நின்றார்கள். அவர்களில் ஒருவன், மரியாதைக்காகவோ என்னவோ, கைகூடத் தட்டினான்.

நான் நின்றது பள்ளிப் பிள்ளைகள் தாண்டிக் குதிக்கிற மரப்பெட்டியின் மேல். அதிலிருந்து இறங்கிப் போனேன். அந்தத் தூரம் கொஞ்சம்தான். நடந்து முடியவில்லை.

"அண்ணை, ஃபவுல்."

"என்ன?" தூக்கியவர்களின் தோள்மேலிருந்து அவர் குனிந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

பாட்டு நிற்கவில்லை. நான் கத்த வேண்டியிருந்தது. "ஃபவுல், அண்ணை! நீங்கள் பின்லைன்!"

நான் பாதி கத்தும்போது யாரோ பாட்டை நிறுத்திவிட்டார்கள். 'நீங்கள் பின்லைன்' என்பது மட்டும் மண்டபம் முழுக்கக் கேட்டது.

அவரை மெல்ல இறக்கி விட்டார்கள். சால்வையைத் தானே கழற்றி மடித்துக் கொடுத்தார். "ஊதினனீயோ?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம் அண்ணை."

"சரி. பந்தைக் குடுங்கோ அவங்களிட்டை."

பிறகு நாங்கள் தோற்றோம்.

அவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. நான் பின்னால் போனேன். படிக்கட்டில் அத்தனை பேருடைய சப்பாத்தும் காலால் தட்டுப்பட்டுக் கலந்து கிடந்தது. அவருடையதைக் காணவில்லை. கார்த்திகைக் குளிரில் வெறுங்காலோடு சீமெந்தில் அவர் நிற்க, நான் முழங்காலில் இருந்து குவியலைக் கிளறினேன். சுவிஸ் அணியினர் பையோடு எங்களைத் தாண்டிப் போனார்கள். தாண்டுகிற ஒவ்வொருவருக்கும் நான் "என்ட்ஷுல்டிகுங்" சொன்னேன். எதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"சட்டம் அப்பிடித்தான் அண்ணை," என்றேன், நிமிராமல். "ஊதாமல் விட ஏலாது."

"நான் பிழை சொல்லேல்லையே. பிழை என்னிலைதான்."

"பலமாத்தான் ஊதினனான். அந்தப் பாட்டுச் சத்தத்திலை..."

"தெரியும்," என்றார். "உன்ரை கன்னம் ரெண்டும் ஊதி நிண்டதைக் கண்டனான். நான் நினைச்சன், மட்ச் முடிஞ்சுதெண்டு ஊதுறாயெண்டு. நான் வெண்டதுக்கு ஊதுறாயெண்டு."

சப்பாத்து அடியில் கிடந்து அகப்பட்டது. நான் கொடுக்க, வாங்கிப் போட்டுக்கொண்டு, "வாறன்" என்று ரயிலடிக்கு நடந்தார். அதற்குப் பிறகும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். உங்களைத் தூக்கியும் இருக்கிறார். பந்தை மட்டும் தொடவில்லை. யாராவது பந்துக் கதை எடுத்தால் "தங்கச்சி, தேத்தண்ணி இருக்கோ?" என்று அம்மாவிடம் கேட்டுக் குசினிக்குள் போய்விடுவார்.

சட்டத்தில் குறை சொல்ல எனக்குத் தெரியாது. நீங்கள் அந்தச் சட்டத்தில்தான் ஆடுகிறீர்கள், வடிவாக ஆடுகிறீர்கள். மண்டபத்தில் பாட்டுத் தொடங்கினால் மட்டும் என் கன்னம் இரண்டும் இறுகிவிடும். அதுதான் எழும்பிப் போனேன்.

படிக்கட்டில் நின்று கடைசிவரை கேட்டேன். அங்கே பாட்டு மெல்லத்தான் வந்தது. விசில் ஒவ்வொன்றும் கேட்டது.